அது நாயின் சமாதி அல்ல

டன்வேல் தெரு, ஹாமில்டன்
மார்ச் 2

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

உங்கள் பெயர் எங்களுக்குத் தெரியாது, தரகர் சொல்லவில்லை. ஆனால் சனிக்கிழமை உங்கள் வீட்டைப் பார்க்க வந்தபோது உங்களை வெகுநாளாகத் தெரியும் என்பதுபோல் இருந்தது. நான் ரோவினா பிக்கெட். மருத்துவமனை ஆய்வகத்தில் இரத்தம் எடுக்கும் வேலை. கணவர் டேரில் நகரப் பேருந்து ஓட்டுகிறார். மகள் டெஸ்ஸுக்கு நான்கு வயது. மூவரும் இருக்கும் படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன்.

உங்கள் சமையலறை ஜன்னலில் விழுந்த வெளிச்சத்தைப் பார்த்துக் கண் கலங்கிவிட்டது. தரைக்குக் கீழே பேஸ்மென்டில் இன்னொரு சமையலறையைப் பார்த்ததும் டேரில் விசில் அடித்தார். எல்லாவற்றையும்விட, பின்தோட்டத்தில் வேலியோரம் மாதா சிலை வைத்த அந்த மேடு மனசை என்னவோ செய்தது. உங்கள் செல்ல நாயின் சமாதி என்று புரிந்துகொண்டோம். வீடு எங்களுக்குக் கிடைத்தால் அந்த இடத்தை அப்படியே காப்பாற்றுவோம். டெஸ் தினமும் பூ வைப்பாள்.

இப்போது நாங்கள் இருக்கும் வாடகை வீட்டில் வீட்டுக்காரரின் மகன் குடிவரப் போகிறானாம். ஏப்ரல் முடிவில் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். எங்களால் முடிந்த உச்சவிலையைத் தரகரிடம் எழுதிக் கொடுத்துவிட்டோம். அதற்குமேல் எங்களிடம் இருப்பது இந்தக் கடிதம்தான்.

அன்புடன்,
ரோவினா


பெல்மவுண்ட் தெரு, ஹாமில்டன்
மார்ச் 6

ரோவினா பிக்கெட் அம்மணிக்கு,

என் பெயர் நுன்ஸியோ கார்தெல்லி. இப்போது தெரிந்துவிட்டது அல்லவா? உறையின் பின்னால் உங்கள் முகவரி இருந்தது, அதனால் எழுதுகிறேன். வேறு யாருக்கும் நான் பதில் போடவில்லை. உங்களுக்குப் போடாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

அது நாயின் சமாதி அல்ல. நான் பிறந்ததிலிருந்து நாய் வளர்த்ததில்லை. நாய்க்கு யாராவது மாதா சிலை வைப்பார்களா? மண்ணுக்கு அடியில் படுத்திருப்பது என் அத்திமரம். எங்கள் ஊர் மரம், இந்த ஊர்ப் பனி அதற்கு ஆகாது. நவம்பரில் இடப்பக்கத்து வேரை வெட்டி, மரத்தைச் சாய்த்துக் குழியில் படுக்கவைத்து, பலகையும் பழைய கம்பளியும் போட்டு மண்ணால் மூடுவேன். ஏப்ரல் கடைசியில் தோண்டி நிமிர்த்துவேன். இந்தத் தெருவில் இத்தாலியர்கள் இருந்தவரை எல்லாத் தோட்டத்திலும் இந்த மேடு உண்டு. யாரும் பூ வைத்ததில்லை.

வந்த கடிதங்களை என் மகள் மேசைமேல் பரப்பி வாசித்தாள். எல்லாரும் என் சமையலறை வெளிச்சத்தைப் பார்த்து அழுதிருக்கிறார்கள். அம்மா, அந்த ஜன்னல் வடக்குப் பார்த்தது. அதன் எதிரே பக்கத்து வீட்டுச் சுவர். என் மனைவி அசுந்தா உயிரோடு இருந்தவரை நட்டநடுப் பகலில் விளக்குப் போட்டுக்கொண்டுதான் வெங்காயம் நறுக்கினாள்.

வீட்டை ஒரு குடும்பத்துக்குத்தான் கொடுப்பேன் என்று ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தேன். அப்படியே கொடுத்துவிட்டேன். இளம் ஜோடி, கைக்குழந்தை. அவர்கள் அழவில்லை, அடக்கமாக எழுதியிருந்தார்கள், விலையும் உங்களைவிட அதிகம் சொன்னார்கள். எப்படி முடிந்தது? உழைத்திருப்பார்கள், சேர்த்திருப்பார்கள். நான் இருபத்தாறு வயதில் இந்த வீட்டை வாங்கினேன், எஃகு ஆலைச் சம்பளம் ஒன்றை மட்டும் வைத்து. கடையில் காபி வாங்கிக் குடித்ததே இல்லை. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

நுன்ஸியோ கார்தெல்லி


டன்வேல் தெரு
மார்ச் 10

கார்தெல்லி ஐயா,

மரத்தைப் புதைத்து அதன்மேல் மாதாவை நிறுத்தி வைத்தால் பார்க்கிறவன் என்ன நினைப்பான்? நாய் என்று நினைத்தது என் நல்ல மனசு. டேரில் வேறுமாதிரி நினைத்தார். "யாரையோ போட்டுப் பொதச்சிருக்காங்கடி, பேசாம வா" என்று என் கையைப் பிடித்து இழுத்தார்.

வெளிச்சம் பொய்தான், ஒப்புக்கொள்கிறேன். எங்கள் தரகர் சொல்லிக்கொடுத்தது அது. "நல்லா உருகி எழுதுங்க மேடம், வயசானவங்களுக்கு அதுதான் புடிக்கும்" என்றார். வீடு பார்க்கிற இடத்திலெல்லாம் உருகி உருகி எனக்கு வார்த்தை தீர்ந்துவிட்டது. ஒரு வீட்டில் ஜன்னல், ஒரு வீட்டில் மாடிப்படி, ஒரு வீட்டில் குளியலறைத் தொட்டியைக்கூடப் புகழ்ந்திருக்கிறேன். முன்பின் தெரியாதவர்களிடம் என் குழந்தையின் படத்தை அனுப்பிப் பிச்சை கேட்பது உங்களுக்குச் சிரிப்பாக இருக்கிறது. எனக்கு அவமானமாக இருக்கிறது.

உங்கள் தரகரிடமிருந்து எங்களுக்கு வந்த பதில் என்ன தெரியுமா? "உங்கள் கடிதம் மிக அழகாக இருந்தது. ஆனால் வேறொருவருக்குக் கொடுப்பதென்று முடிவு செய்திருக்கிறோம். உங்களுக்கு ஏற்றது விரைவில் அமைய வாழ்த்துகள்." அவ்வளவுதான். இதே மூன்று வரி எல்லா வீட்டிலிருந்தும் வருகிறது. டெஸ் இதைப் பாட்டாகவே பாடுகிறாள்.

உழைப்பைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்காதீர்கள். இந்த வீட்டில் இரண்டு சம்பளம் வருகிறது. நாங்கள் ஒரு படி ஏறினால் விலை மூன்று படி ஏறுகிறது, சேர்த்ததை வாடகை தின்கிறது. நீங்கள் போட்டிருந்த விலையைப் பார்த்து நம்பித்தான் வந்தோம். அது விலையே அல்ல, தூண்டில் புழு என்று உங்களுக்கும் தெரியும், உங்கள் தரகருக்கும் தெரியும். ஒருவர் மேல் ஒருவரை ஏவி ஏலம் விடுவதற்குத்தானே, எல்லாரும் புதன்கிழமை மாலைக்குள் விலை சொல்லவேண்டும் என்று கெடு வைத்தது?

காபியை நிறுத்திவிட்டு ஆயுள் முழுக்கச் சேர்த்தால் உங்கள் வீட்டில் ஒரு கதவுப்பிடி வாங்கலாம். பித்தளை என்றால் அதுவும் முடியாது.

ரோவினா


பெல்மவுண்ட் தெரு
மார்ச் 15

ரோவினா,

வயதில் என் பேத்திபோல இருக்கிறாய், வாய் மட்டும் என் மாமியாரைப்போல இருக்கிறது. இனி 'நீ' என்றே எழுதுகிறேன்.

நாங்கள் வீட்டை வாங்கிச் சுகமாகக் காலை நீட்டிப் படுத்துவிட்டோம் என்று நினைக்கிறாயா? முதல் சில வருஷம் நானும் அசுந்தாவும் பேஸ்மென்டில் இருந்தோம். மேலே அறைகளை ஆலைக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டோம். அந்தக் கீழ்ச் சமையலறை அப்படி வந்ததுதான். உன் கணவர் விசில் அடித்தாரே, அதில் என் மனைவி அத்தனை பேருக்கும் சமைத்துப் போட்டாள். கிறிஸ்துமஸ் சந்தை மாதிரிப் பளபளப்பாக ஒரு வீடு யாரும் எங்களுக்குத் தூக்கிக் கொடுக்கவில்லை. உங்களுக்கு எல்லாம் முடித்து வைத்த வீடு வேண்டும், ஆலைப்பக்கம் வேண்டாம், பள்ளி பக்கத்தில் வேண்டும்.

எல்லா இளைஞரும் உன்னைப்போலப் புலம்புவதில்லை. என் பேரன் லூக்காவுக்கும் ஏறக்குறைய உன் வயதுதான். ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. மே மாதம் பர்லிங்டனில் சொந்த வீட்டுக்குப் போகிறான். அவனால் முடிகிறது.

வாங்கினவர்கள் தங்கள் குழந்தையின் படத்தை எனக்கே விட்டுவிட்டார்கள். குளிர்ப்பெட்டியின்மேல் ஒட்டி வைத்திருக்கிறேன். நல்ல கொழுகொழு குழந்தை. அந்த வீட்டில் மறுபடி குழந்தை அழும் என்று நினைத்தாலே எனக்கு நிம்மதியாக இருக்கிறது. உன் கோபத்தை அரசாங்கத்திடம் காட்டு.

நுன்ஸியோ


டன்வேல் தெரு
மார்ச் 19

லூக்காவுக்கு என் வாழ்த்துகள். முன்பணம் யார் கொடுத்தது?

ரோ.


பெல்மவுண்ட் தெரு
ஏப்ரல் 9

ரோவினா,

உன் ஒரு வரியைக் கிழித்துப் போட்டேன். பிறகும் அது காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது, அதனால்தான் பதில்.

நான் கொடுத்தேன். இந்த வீட்டை விற்ற பணத்திலிருந்து. அதில் உனக்கு என்ன வயிற்றெரிச்சல்? என் பணம், என் பேரன். என் முழங்கால் படியேற மறுக்கிறது, அதனால் விற்றேன். விற்றதை என் இரத்தத்துக்குக் கொடுத்தேன். வேறு யாருக்குக் கொடுப்பது, உனக்கா? அவனும் முயற்சி செய்து பார்த்தவன்தான். மூன்று வருஷம் பார்த்தான், கிடைக்கவில்லை. நான் வேடிக்கை பார்த்துக்கொண்டு இருப்பேனா?

நாளை சாவியைக் கொடுக்கிறேன். மரத்தை நிமிர்த்த இன்னும் நாள் ஆகவில்லை, இரவில் உறைபனி விழுகிறது. வாங்கினவர்கள் சீக்கிரம் வேண்டும் என்று நெருக்கிவிட்டார்கள், குழந்தையோடு எத்தனை நாள் அலைவார்கள் பாவம். மரத்தை எப்போது தோண்டுவது, எப்படி நிமிர்த்துவது என்று என் மகளை எழுதச்சொல்லி அடுப்புக்கு மேலே ஒட்டியிருக்கிறேன்.

இனி நான் இருக்கப்போவது ஏரிக்கரை அடுக்குமாடியில், பத்தாவது மாடி. முகவரியை உறைமேல் எழுதியிருக்கிறேன். மன்னிப்புக் கேட்பதானால் மட்டும் எழுது.

நுன்ஸியோ கார்தெல்லி


பெல்மவுண்ட் தெரு, பேஸ்மென்ட்
மே 7

கார்தெல்லி ஐயா,

மேலே இருக்கும் முகவரியை இன்னொரு தடவை படியுங்கள். தப்பாக எழுதவில்லை.

ஏப்ரல் முடிய ஒரு வாரம் இருக்கும்வரை எங்களுக்குப் போக்கிடம் இல்லை. வாடகை விளம்பரங்களைப் பார்த்துக்கொண்டே வந்த டேரில் சட்டென்று நிமிர்ந்து, "ஏய், இந்த டைல்ஸ எங்கயோ பாத்திருக்கோமே" என்றார். அந்தப் பச்சைப் பூப்போட்ட டைல்ஸ். உங்கள் மனைவி அத்தனை பேருக்கும் சமைத்த இடம். அதில்தான் இப்போது டெஸ்ஸுக்கு முட்டை பொரிக்கிறேன். பழைய வீட்டில் கொடுத்ததைவிட வாடகை அதிகம், ஆனால் வேறு வழி இல்லை.

மேலே குழந்தை இல்லை ஐயா. தரைத்தளத்தில் கல்லூரி மாணவர்கள் ஐந்து பேர், அதற்கும் மேலே ஒரு லாரி ஓட்டுநரும் அவர் தம்பியும். உரிமையாளரை யாரும் பார்த்ததில்லை. வாடகை வாங்க ஒரு மேலாளர் வருகிறார். நல்லவர்போலத்தான் தெரிந்தார், அதனால் கேட்டுவிட்டேன்.

"இந்த வீட்ட ஒரு இளம் ஜோடி வாங்குனதா கேள்விப்பட்டேனே? கைக்குழந்தையோட?"

அவர் கடகடவென்று சிரித்தார். "ஜோடியா? கம்பெனிம்மா வாங்குச்சு. கெழவங்க, ஒரு குடும்பத்துக்குத்தான் தருவேன்னு அடம் புடிச்சா, ஒரு குடும்பத்த எழுதிக் குடுக்க ஆளு இருக்கு. போட்டோவும் அவனே வச்சிருப்பான்."

"அந்தக் கொழந்த?"

"எனக்குத் தெரிஞ்சு அது இந்தப் பக்கத்துல நாலு வீடு வாங்கிடுச்சு."

பிறகு அவர் பின்பக்கம் போனார். தோட்டத்தைச் சமப்படுத்தித் தார் போட்டு, ஐந்து கார் நிற்கிற மாதிரிச் செய்யப் போகிறார்களாம். வேலியோரம் வந்ததும் காலால் மேட்டை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "இது என்ன, நாய் சமாதியா?" என்றார்.

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. "அத்திமரம்" என்றேன். அவர் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார். அடுப்புக்கு மேலே நீங்கள் ஒட்டிய தாளைப் பெயிண்ட் அடித்தவன் கிழித்துப் போட்டுவிட்டான். நல்லவேளை, மார்ச் மாதம் நீங்கள் என்னைத் திட்டி எழுதிய கடிதம் என்னிடம் இருந்தது. எப்படித் தோண்டுவது என்று அதில் பார்த்துத்தான் செய்தோம். மாதாவைச் சுமந்துபோய் எங்கள் ஜன்னலோரம் வைத்தோம். மரம் உயிரோடு இருக்கிறது. கம்பளிக்கு அடியிலேயே வெளிறிய தளிர் விட்டிருந்தது. நாளை மறுநாள் தார் போடுகிறவர்கள் வருகிறார்கள், அதனால் வேரோடு கிளப்பிச் சக்கரம் வைத்த பெரிய தொட்டியில் நட்டுவிட்டோம்.

கடைசியாக ஒன்று. கம்பெனி உங்களுக்குக் கொடுத்த பெரிய விலையை இப்போது எங்கள் வாடகையில் எடுத்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் அந்த விலையை லூக்காவுக்குக் கொடுத்தீர்கள். அப்படியென்றால் உங்கள் பேரனின் வீட்டுக்கு முன்பணம் கட்டுவது யார், ஐயா? என்னால் ஏன் சொந்த வீடு வாங்க முடியவில்லை என்று யோசிக்கச் சொன்னீர்களே. நான் ஏற்கெனவே ஒன்றுக்குக் கட்டிக்கொண்டிருக்கிறேன், அதுதான் காரணம்.

மன்னிப்பு எதுவும் இந்தக் கடிதத்தில் இல்லை.

ரோவினா


ஏரிக்கரை, பத்தாவது மாடி
மே 12

ரோவினா,

என் மரத்தைத் தொட உன்னை யார் கேட்டார்கள்? எந்தப் பக்கத்து வேரை வெட்டினீர்கள்? இடப்பக்கம்தான் வெட்டலாம். வலப்பக்கத்தைத் தொட்டிருந்தால் கோடை முடிவதற்குள் செத்துவிடும். பேருந்து ஓட்டுகிறவன் மண்வெட்டி பிடித்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா!

நேற்று வந்தேன். உன்னைப் பார்க்க அல்ல. தெருவின் எதிர்ப்பக்கம் நின்றேன். என் வாசலில் மூன்று தபால் பெட்டி தொங்குகிறது. பின்னாலிருந்து தார் வாசனை வந்தது. அசுந்தா தக்காளி வைத்த இடத்தில் கார் நிற்கிறது. என் மகளுக்குப் போன் செய்து, "என்னை ஏமாத்திட்டானுங்க" என்று கத்தினேன். அவள், "நல்ல வெலதானேப்பா குடுத்தாங்க, விடுங்க" என்றாள். அதோடு போனை வைத்துவிட்டேன்.

குழந்தையின் படம் இன்னும் இங்கே குளிர்ப்பெட்டியின்மேல் இருக்கிறது. எடுக்க மனம் வரவில்லை. அது யார் வீட்டுக் குழந்தையோ.

நான் விற்றது வீட்டை. மரத்தை அல்ல. மரம் என்னுடையது. சனிக்கிழமை வண்டியோடு வருகிறேன். எடுத்து வை.

நுன்ஸியோ


பெல்மவுண்ட் தெரு, பேஸ்மென்ட்
மே 16

கார்தெல்லி ஐயா,

வெட்டியது இடப்பக்கம்தான். எனக்கும் படிக்கத் தெரியும்.

சனிக்கிழமை வரவேண்டாம், கதவு திறக்கமாட்டேன். மரம் தரையோடு சேர்ந்தது, தரையோடு சேர்த்து விற்றுவிட்டீர்கள். குப்பையோடு போகவிருந்ததை எடுத்தவள் நான். இப்போது அது என் மரம்.

ஆனாலும் நான் நியாயம் இல்லாதவள் இல்லை. மரம் வேண்டுமானால் வழக்கப்படி விண்ணப்பம் செய்யுங்கள். உங்களுக்கு ஏன் தரவேண்டும் என்று ஒரு கடிதம் எழுதுங்கள். உருக்கமாக இருக்கட்டும். குடும்பப் படம் ஒன்று வையுங்கள். அடுத்த புதன்கிழமை மாலைக்குள் வந்து சேரவேண்டும். மேல்மாடி லாரிக்காரரும் மரத்தைக் கேட்டிருக்கிறார், அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரோவினா


ஏரிக்கரை, பத்தாவது மாடி
மே 19

அன்புள்ள மரத்துக்காரருக்கு,

இப்படித்தான் தொடங்கவேண்டும் என்று உங்கள் பழைய கடிதத்தைப் பார்த்து எழுதுகிறேன். விண்ணப்பம் என்பதால் 'நீங்கள்' என்றும் எழுதுகிறேன்.

என் பெயர் நுன்ஸியோ கார்தெல்லி. ஆலையில் இரும்பு உருக்கும் வேலை பார்த்தேன், இப்போது ஒன்றும் பார்ப்பதில்லை. உங்கள் மரத்தை எனக்கு நன்றாகத் தெரியும். என் மைத்துனன் ஒரு குச்சியை ஈரச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தான், அதிலிருந்து வந்தது. அசுந்தா இறந்த வருஷம் நான் அதைப் புதைக்க மறந்துவிட்டேன். பனியில் கருகிப்போயிற்று. செத்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஜூன் மாதம் அடிவேரிலிருந்து ஒரு தளிர் வந்தது. அதற்குப் பிறகுதான் மாதாவைக் கொண்டுபோய் வைத்தேன்.

என் பால்கனியில் காலை வெயில் விழுகிறது. முதல் நாள் அந்த வெளிச்சத்தைப் பார்த்துக் கண் கலங்கிவிட்டது. இது பொய் அல்ல, வந்து பார்க்கலாம். பால்கனியில் மண்தொட்டி வைக்கக்கூடாது என்று இங்கே ஒரு சட்டம் வைத்திருக்கிறார்கள். நான் பேசிப் பார்த்தேன், ஒத்துக்கொள்ளவில்லை. மறுபடி பேசுவேன்.

குடும்பப் படம் இணைத்திருக்கிறேன். மரத்தடியில் நிற்பது அசுந்தா. அவள் முறைக்கவில்லை, கண்ணில் வெயில்.

இதற்குமேல் எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் இதை எத்தனை வீட்டுக்கு எழுதினீர்கள்?

நுன்ஸியோ கார்தெல்லி


பெல்மவுண்ட் தெரு, பேஸ்மென்ட்
மே 24

கார்தெல்லி ஐயா,

உங்கள் கடிதம் மிக அழகாக இருந்தது. ஆனால் வேறொருவருக்குக் கொடுப்பதென்று முடிவு செய்திருக்கிறோம். உங்களுக்கு ஏற்றது விரைவில் அமைய வாழ்த்துகள்.

அந்த வேறொருவர் டெஸ். அவள் மரத்துக்குப் பெயரே வைத்துவிட்டாள், தினமும் பூவும் வைக்கிறாள், சொன்னால் கேட்கமாட்டேன் என்கிறாள். தொட்டியில் சக்கரம் இருப்பதால் இங்கிருந்து எங்களைத் துரத்தும்போது மரமும் எங்களோடு வரும்.

தொட்டியைத் திருப்பும்போது நேற்று ஒரு கிளை முறிந்தது. ஈரச் செய்தித்தாளில் சுற்றி, உங்கள் கட்டட வாசலில் இருக்கும் காவலாளியிடம் டேரில் கொடுத்திருக்கிறார். படத்தையும் அதோடு வைத்திருக்கிறேன், அது உங்களிடம் இருக்கவேண்டியது. குச்சி வேர் விடும். மண்ணுக்கு என்ன செய்வீர்களோ, அது உங்கள் பாடு.

ரோவினா